பெஞ்சில் படுக்க வைத்தவர்

மெட்ரோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிரைவர் அவருக்குச் சேவல் என்று பேர் வைத்தார். வைத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பேர் போகவில்லை. சம்பளச் சீட்டில் அவர் நிலைய உதவியாளர். செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். கடைசி ரயில் வந்து நின்றதும் பெட்டி பெட்டியாக ஏறி, தூங்குகிறவர்களை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். காலி ரயிலைத்தான் டிப்போவில் வாங்கிக்கொள்வார்கள்.

எழுப்புவதில் அவர் கைதேர்ந்தவர். பயணியைத் தொட்டால் புகார் வரும். ஆகவே இடுப்பில் தொங்கும் பெரிய சாவியை எடுத்து, தூங்குகிறவரின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியில் மூன்று தட்டுத் தட்டுவார். அதற்கும் அசையாவிட்டால் குனிந்து காதருகே, "உங்க ஸ்டேஷன் போயிருச்சு சார்" என்பார். எந்த ஸ்டேஷன் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதைக் கேட்டு எழாத ஆளில்லை. பையை வாரிக்கொண்டு அலறியடித்து இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று பேந்தப் பேந்த விழிப்பார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதுதான் அந்த வேலையில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம்.

தூங்குவதுபோல் நடிக்கிறவர்களும் உண்டு. போக இடம் இல்லாதவர்கள். "நம்மகிட்ட நடக்குமா அது? நடிக்கிறவனுக்கு இமை ஆடும். நெசமா தூங்குறவனுக்கு ஆடாது" என்று இரவுக் காவலாளியிடம் பெருமையடித்துக்கொள்வார். இமை ஆடுகிறவர்களிடம் அவர் காதருகே பேசுவதில்லை. சாவியால் முழங்கால் எலும்பில் ஒன்று வைப்பார். அவர்கள் புகார் கொடுக்கப் போவதில்லை.

ஊரையெல்லாம் எழுப்பிய அந்த மனிதருக்குத் தூக்கம் இல்லை. அவர் வீடு ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. காலையில் அவர் வந்து படுக்கும் நேரத்துக்குத்தான் மில் ஓடத் தொடங்கும். கட்டில் நடுங்கும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், பல்லும் சேர்ந்து நடுங்கும். காதில் பஞ்சை அடைத்து, தலையணையை முகத்தில் அமுக்கிக்கொண்டு, மில்லுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வரும்வரை கிடப்பார். "உங்க வயித்து மேல சல்லடைய வெச்சா மாவு தானா சலிச்சுடும்" என்பாள் மனைவி. முதலில் அதற்குச் சிரித்தார். பத்து வருஷம் ஆன பிறகு சிரிப்பதில்லை.

அவர் கேட்டதெல்லாம் காலை டியூட்டி. ராத்திரி எல்லாரையும்போல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு, கட்டுப்பாட்டு அறை அதிகாரி ஒரு வழி சொன்னார். "இந்த வருஷம் முழுக்க பராமரிப்பு ராத்திரியில உங்களால ஒரு நிமிஷம்கூட லேட்டாகக் கூடாது. ஆகலைன்னா பார்க்கலாம்."

பராமரிப்பு ராத்திரி என்பது வாரத்தில் ஒரு நாள். பாதை பழையது. தண்டவாளம் மாற்ற, கேபிள் மாற்ற அன்று ரயிலைச் சீக்கிரமே நடு ஸ்டேஷனோடு நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து தெருவில் மாற்றுப் பேருந்து. கடைசி ரயில் காலியாகிப் பக்கப் பாதைக்குப் போனால்தான் மின்சாரத்தை நிறுத்த முடியும், நிறுத்தினால்தான் லைன் ஆட்கள் உள்ளே இறங்க முடியும். ரயிலுக்குள் ஒரு பயணிக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், வைத்தியம் பார்க்க ஆள் வரும்வரை ரயிலை நகர்த்தக் கூடாது. அன்றைய வேலை அதோடு போச்சு. அதே ஆள் பிளாட்பாரத்தில் கிடந்தால் அது ஸ்டேஷன் பாடு, ரயில் போகலாம். இந்த விதியை யார் எதற்காக எழுதினார்களோ, ஆட்கள் அதிலிருந்து ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். எழாதவனைத் தூக்கிப் பிளாட்பாரத்துப் பெஞ்சில் போட்டுவிடுவது. "பெஞ்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒருவர் தோளைப் பிடிப்பார், ஒருவர் காலைப் பிடிப்பார். பெரும்பாலும் குடித்தவர்கள். கொஞ்ச நேரத்தில் குளிரில் தானே எழுந்து போய்விடுவார்கள்.

அந்த வருஷத்தின் கடைசிப் பராமரிப்பு ராத்திரி. சேவல் மேல் ஒரு தாமதமும் இல்லை. எல்லாப் பெட்டியும் காலியாகி, கடைசிப் பெட்டியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். நடுத்தர வயது, தடித்த உடம்பு. சாவித் தட்டுக்கு அசையவில்லை. ஸ்டேஷன் போயிருச்சு என்றதற்கும் அசையவில்லை.

வாசலில் லைன் மேஸ்திரி தலையை நீட்டினார். "யோவ் சேவல், உள்ள என்ன கச்சேரியா நடக்குது? என் ஆளுங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"ஒரு ஆளு எந்திரிக்கல."

"ஊத்திக்கிட்டு வந்திருப்பான்."

சேவல் குனிந்து மோந்து பார்த்தார். வாசனை இல்லை. வாயின் வலது ஓரம் யாரோ பிடித்து இழுத்ததுபோல் தொங்கியது, அதன் வழியாக எச்சில் ஒழுகியது. வலது கை ஈரத் துணிபோல் இருக்கையிலிருந்து தொங்கியது. இடது கை மட்டும் பையின் வாரை இறுகப் பிடித்திருந்தது. இடது கண் திறந்திருந்தது. அது சேவலையே பார்த்தது.

அவருடைய மாமனார் பக்கவாதத்தில் இப்படித்தான் விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் சேவலும் ஒருவர். ஆகவே அது தூக்கம் இல்லை என்று அவருக்குச் சந்தேகமறத் தெரியும்.

"என்னய்யா பாக்குற? தூங்குறானா, வேற ஏதாவதா?" என்றார் மேஸ்திரி. "வேற ஏதாவதுன்னா இப்பவே சொல்லு. ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிடறேன். கன்ட்ரோலுக்கு உன் பேரையும் சொல்லிடறேன்."

"தூங்குறார்" என்றார் சேவல். "அசதி போல. பெஞ்சு. கால ஒரு கை பிடி."

பிடித்தார்கள். "என்னா கனம்ப்பா. வீட்டுல நல்லா ஆக்கிப் போடறாங்க" என்றார் மேஸ்திரி. பெஞ்சில் கிடத்தியதும் தலை தொங்கியது. சேவல் பையை எடுத்துத் தலைக்கு வைத்தார். ஒரு செருப்பு ரயிலுக்குள் கழன்று கிடந்தது. போய் எடுத்து வந்து காலில் மாட்டினார். காலி ரயில் என்றால் செருப்பும் இருக்கக் கூடாது.

"அப்படியே ஒரு தாலாட்டும் பாடிட்டு வா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி இறங்கிப் போனார். ரயில் நகர்ந்தது. நேரம் தவறவில்லை.

அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் படிக்கட்டின் மேல் வாய் தெரியும். அதன் வழியாகத் தெருவுக்கு எதிர்ப்புறம் பெரியாஸ்பத்திரியின் சிவப்பு எழுத்துகள் தெரியும். சேவல் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் படியேறினார். காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தது உண்மை. காவலாளி தெருவாசலில், பஸ் எங்கே பஸ் எங்கே என்று கத்துகிற கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாற்றுப் பேருந்தின் டிரைவர் ஹாரன் அடித்தார். "சேவலண்ணே, ஏறுறீங்களா, நடந்து வர்றீங்களா?"

ஏறிக்கொண்டார். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போவது பராமரிப்பு நாளில் மட்டும் கிடைக்கிற சுகம். ஜன்னலில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். அவர் இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டர் கம்பியில் தட்டி எழுப்பினார்.

சொன்ன சொல் தவறாமல் அடுத்த மாதம் காலை டியூட்டி கொடுத்தார்கள். அதே நடு ஸ்டேஷன், பயணச்சீட்டு வாசலில் நிற்கும் வேலை. சேவல் இருட்டியதும் படுத்தார், வெட்டிப் போட்ட மரம்போல் தூங்கினார். "குறட்டையில மில்லு தோத்துடும் போ" என்றாள் மனைவி. முகத்தில் சதை போட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் வெளுத்தது. பெஞ்சில் கிடத்திய ஆளைப் பற்றி அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. யாரும் வந்து சொல்லவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிஃப்டிலிருந்து ஒரு பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் நிற்கும் வாசலுக்கு வந்தாள். நாற்காலியில் இருந்தவரின் வாய் வலப்பக்கம் தொங்கியது.

"அண்ணே, நீங்கதானே அன்னிக்கு இவரப் பெஞ்சுல படுக்க வெச்சது? ராத்திரி டியூட்டி நீங்கதான்னு ஸ்டேஷன் பெருக்குற அக்கா சொன்னாங்க."

சேவல் நாற்காலியைப் பார்க்காமல் அடுத்த பயணியின் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"காலையில அந்த அக்காதான் பாத்தாங்களாம். பையத் தலைக்கு வெச்சிருந்தீங்களாமே. செருப்பக்கூட மாட்டி விட்டிருந்தீங்களாமே. கூடப் பொறந்தவங்க செய்ய மாட்டாங்கண்ணே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாராம், டாக்டர் சொன்னாரு. அதுக்கு யாரு என்ன பண்றது? பாக்குறவங்க தூங்குறாருன்னுதானே நெனைப்பாங்க."

"ஆமாம்மா" என்றார் சேவல். "நல்ல தூக்கம் மாதிரிதான் இருந்துச்சு."

"ஏங்க, யாருன்னு பாருங்க. உங்களக் காப்பாத்துன அண்ணன்."

நாற்காலியில் இருந்தவர் பார்த்தார். அதே இடது கண்.

அவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுகிறவராம். ஒரு லாரி வெங்காயத்தை ஒரே மூச்சில் விற்றுவிடுவாராம். இப்போது தண்ணீர் என்று சொல்ல வரவில்லை. எதிரே பெரியாஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் பேச்சுப் பயிற்சி. "சொல்லெல்லாம் உள்ளதான் இருக்காம்ண்ணே, வழிதான் அடைச்சுக் கிடக்காம். விடாம கூட்டிட்டு வந்தா ஒண்ணொண்ணா வெளிய வருமாம்."

அன்றிலிருந்து சேவலுக்குச் செவ்வாயும் வெள்ளியும் நெருப்பில் நிற்பதாயிற்று. அவள் ஒவ்வொரு முறையும் நின்று நல்ல சேதி சொன்னாள். இன்றைக்கு உதடு குவிந்தது. இன்றைக்கு "ம்" என்றார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"பேசிட்டாருண்ணே. மொத வார்த்தை என்ன தெரியுமா? பெஞ்சு. நேத்துலேர்ந்து பெஞ்சு பெஞ்சுன்னு ஒரே பல்லவி. எங்க வீட்டுல ஏது பெஞ்சு? அப்புறந்தான் புரிஞ்சுது, இங்க இருக்கறதத்தான் சொல்றாருன்னு. வாங்கண்ணே, காட்டிட்டு வரலாம்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சின் அருகே நிறுத்தினாள். அவருடைய இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். "இதானே கேட்டீங்க? நல்லா தொட்டுப் பாருங்க." ஏலக்காரர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணீர் ஒரு கன்னத்தில் மட்டும் ஒழுங்காக ஓடியது. "பாத்தீங்களாண்ணே, எவ்வளவு நன்றி பாருங்க" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவரைப் பெஞ்சுக்குக் கூட்டிப் போய்த் தொட வைத்தாள்.

சேவலின் தூக்கம் மறுபடி போனது. மில் நின்று, தெரு அடங்கி, தலையணையும் குளிர்ந்திருந்தது. ஆனால் பெஞ்சுக்கு அடுத்த வார்த்தை எதுவாக இருக்கும் என்ற யோசனை ஓடிக்கொண்டேயிருந்தது. பேசிவிட்டால் காலை டியூட்டி போகும், வேலையும் போகும், போலீஸ் வரும். "என்ன, கண்ண மூடிக்கிட்டு முழிச்சிட்டிருக்கீங்க? இமை ஆடுது பாருங்க" என்றாள் மனைவி. அவர் திரும்பிப் படுத்தார்.

பொருள் அறையில் மஞ்சள் நிற மடக்குப் பலகை ஒன்று இருந்தது. "பராமரிப்புப் பணி. சிரமத்துக்கு வருந்துகிறோம்." அடுத்த செவ்வாய், அவள் வழக்கமாக வரும் ரயிலுக்குச் சற்று முன்னால், சேவல் அதை எடுத்து வந்து பிளாட்பாரத்து லிஃப்ட் வாசலில் விரித்து வைத்தார்.

பராமரிப்பு என்று எழுதியிருந்தால் உலகத்தில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. ஸ்டேஷன் ஆட்கள் அது லிஃப்ட் ஆட்கள் வைத்தது என்று நினைப்பார்கள். லிஃப்ட் ஆட்களுக்குச் சேதியே போகாது. மேற்பார்வையாளர் அம்மாள் மட்டும் போகிற போக்கில், "லிஃப்ட்டுக்கு என்னவாம்?" என்றார்.

"பராமரிப்பு மேடம்."

"நம்மகிட்ட சொல்லவே இல்லையே."

"அவங்க என்னிக்கு நம்மகிட்ட சொல்லியிருக்காங்க?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் நாள் வழிப்போக்கர்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். பாதிப் படியில் ஒருவர் கை நழுவ, ஏலக்காரர் சுவரில் இடித்துக்கொண்டார். சேவலும் ஓடிப் போய் ஒரு பக்கம் பிடித்தார். வெள்ளிக்கிழமை தூக்க ஆள் அமையவில்லை. அவள் வெகுநேரம் பிளாட்பாரத்திலேயே நின்றாள். ஏலக்காரர் நாற்காலியின் கைப்பிடியில் முஷ்டியால் குத்திக்கொண்டு பெஞ்சு பெஞ்சு என்றார். கடைசியில் எதிர்த் திசை ரயிலில் திரும்பிப் போனார்கள். அவர்கள் போனதும் சேவல் பலகையை மடக்கி உள்ளே வைத்தார்.

மூன்றாவது வாரம் அவள் மட்டும் வந்து பார்த்தாள். பலகை இருந்தது.

"எப்பண்ணே சரியாகும்?"

"பார்ட்டு வரணுமாம்மா. வெளியூர்லேர்ந்து வரணும். எப்பன்னு சொல்ல முடியாது."

"டாக்சிக்காரங்க நாற்காலியப் பாத்தாலே நிறுத்த மாட்டேங்கிறாங்க. பஸ்ஸுல ஏத்த முடியல."

"கஷ்டந்தாம்மா" என்றார் சேவல்.

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. பலகையை எடுத்து வைக்கும் வேலையும் குறைந்தது. ஆனால் தூக்கம் முழுசாகத் திரும்பவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே அந்த மனிதர் பேசிவிட்டால் என்ன செய்வது?

மாதங்கள் போயின. ஒரு நாள் அவள் மருந்து வாங்க வந்தாள். இளைத்திருந்தாள். "அந்தப் பெஞ்சும் போச்சுண்ணே. இப்ப வாயே தொறக்கறதில்ல. விட்டுப்போன நாளத் திருப்பிப் பிடிக்க முடியாதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு." மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தாள். "ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாருங்கண்ணே. உங்களப் பாத்தாத்தான் அவரு முகத்துல உசிரு வரும்."

சேவலுக்கும் தன் கண்ணால் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனார்.

குறுகலான படி, இரண்டாவது மாடி, ஒரே அறை. ஆஸ்பத்திரி நாளில் கீழ் வீட்டுப் பையன்கள்தான் நாற்காலியோடு இறக்கி ஏற்றினார்களாம். ஜன்னலோரம் கம்பி வைத்த இரும்புக் கட்டில். ஏலத்தில் அடிக்கிற பித்தளை மணியைக் கயிற்றில் கட்டி, இடது கைக்கு எட்டுமாறு கட்டில் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். எது வேண்டுமானாலும் அதை அடித்துத்தான் அவர் அவளைக் கூப்பிட வேண்டும்.

"உக்காருங்கண்ணே. பால் வாங்கிட்டு வந்துடறேன். நீங்க இருக்கீங்களே, தைரியமா விட்டுட்டுப் போலாம்."

அவள் படியிறங்கும் ஓசை அடங்கியது. ஏலக்காரரின் உதடு கோணிக் கோணி அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"பெ… பெஞ்சு."

அந்த வார்த்தை போகவில்லை. இவருக்கென்றே எடுத்து வைத்திருந்ததுபோல் வந்தது. இடது கை எழுந்து, ஒரு விரல் சேவலின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"நீ. பெஞ்சு."

இரண்டு வார்த்தை சேர்ந்துவிட்டது. மூன்றாவது வர எவ்வளவு நாளாகும்?

சேவல் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆமா, நான்தான்" என்றார் மெதுவாக. "நீ முழிச்சிருந்தது எனக்குத் தெரியும். அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற? பத்து வருஷம் நான் தூங்கல, யாரு கேட்டாங்க?"

ஏலக்காரரின் கை மணியைத் தேடியது. சேவல் முந்திக்கொண்டு கயிற்றை அவிழ்த்து, மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, அதைக் கொண்டுபோய் எதிர்ச் சுவர் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஓசை வரவில்லை. திரும்பி வந்து, பழக்க தோஷம், பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கட்டில் கம்பியில் மூன்று தட்டுத் தட்டினார்.

ஏலக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்கு வேறு வழி இல்லை. மூடிய இமை ஆடிக்கொண்டிருந்தது.

படியில் காலடி கேட்டது. பால் பாத்திரத்தோடு அவள் உள்ளே வந்தாள். "என்னண்ணே, கண்ண மூடிட்டாரு?"

"தூங்குறாரும்மா" என்றார் சேவல்.

"மணி எங்க?"

"தூக்கத்துல கை பட்டுப் பட்டு அடிக்குது. முழிச்சுக்குவாருன்னு எடுத்து வெச்சேன். அங்கேயே இருக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "இனிமே ஆஸ்பத்திரி, பயிற்சின்னு அலைக்கழிக்காதீங்க. உடம்பு தாங்காது. நல்லா தூங்க விடுங்க, அதான் மருந்து."

"நீங்க சொன்னா சரிதாண்ணே" என்றாள் அவள். "உங்களப் பாத்த நிம்மதியிலதான் தூங்குறாரு. எத்தனை நாளாச்சு தெரியுமா, பகல்ல இப்படிக் கண்ண மூடி."

டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் அடிக்குரலில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். டம்ளரைக் கீழே வைக்கும்போது சேவல் கட்டிலை ஒரு தரம் பார்த்தார். இமை இன்னும் ஆடியது. அதன் அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வாசலில் செருப்பை மாட்டப் போனவர் நின்றார். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கினார்.